தென்னை காய்க்கிற வரைக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அக்கா இப்பத்தான் வாசிச்சாங்க. அதனால நான் கணக்குச் சொல்லப் போறதில்லை. இந்தக் கல்வி உதவி நிதி எதுக்காக ஆரம்பிச்சது, எப்படி நடக்குது, இனிமே இது வேணுமா வேண்டாமா, இந்த மூணைப் பத்தி மட்டும் பேசுறேன்.

மூணாவது கேள்வி நானாகக் கிளப்பினது இல்லை. போன மாதாந்திரக் கூட்டத்துல ஒரு தங்கச்சி எழுந்து கேட்டுச்சு. "கஜா போயி ஏழு வருஷம் ஆகுது. இன்னும் எதுக்கு அதுக்குன்னு தனியா ஒரு நிதி? பேசாம உள்கடன்ல சேர்த்துட்டா நாலு பேருக்கு கடன் கொடுக்கலாம், வட்டியும் வரும்ல?" அந்தத் தங்கச்சி மேல யாரும் கோவிச்சுக்க வேண்டாம். ஏழு வருஷம் கழிச்சு ஒரு நிதியைப் பாத்து இப்படிக் கேக்கத்தான் வேணும். பதில் சொல்ல வேண்டியது நம்ம பொறுப்பு. அடுத்த பொதுக்குழுவுல இது தீர்மானத்துக்கு வருது. அதுக்கு முன்னாடி எல்லாரும் யோசிச்சுப் பாக்கணும்னுதான் இன்னிக்கு இதைப் பேசுறேன்.

மரத்துக்குக் கணக்கு, கூலிக்கு இல்லை

இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல நிறைய பேர் 2018-க்குப் பிறகு இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவங்க. அவங்களுக்காகச் சொல்றேன். 2018 நவம்பர் 15-ஆம் தேதி ராத்திரி படுத்து, 16-ஆம் தேதி விடியும்போது நம்ம ஊரு நம்ம ஊரா இல்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா கரையைக் கடந்துச்சு. தென்னை, மா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சுச்சு. புஷ்பவனத்துல கடல் சேறு வீட்டுக்குள்ள வந்து ஏறிக்கிச்சு. உப்பளம் பூரா சேறு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமும் தென்னந்தோப்பு இருந்த இடத்துல வெறும் வானம்தான் தெரிஞ்சுச்சு. சில ஊருக்குக் கரண்டு வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பள்ளிக்கூடம் எல்லாம் முகாமா மாறிப் போச்சு.

உதவி வரலைன்னு யாரும் சொல்ல முடியாது. அரசாங்கம் செஞ்சுச்சு. எங்கெங்கேருந்தோ லாரியில அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, போர்வைன்னு முகம் தெரியாதவங்க கொண்டு வந்து கொடுத்தாங்க. அவங்களை நாம மறக்கக் கூடாது. விழுந்த தென்னைக்கு நிவாரணமும் அறிவிச்சாங்க. மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆகக் கூடி 1,100 ரூபாய்.

ஆனா அக்கா, அந்தப் பணம் யாருக்கு வரும்? மரம் யாரு பேருல இருக்கோ அவங்களுக்கு வரும். நம்ம குழுவுல எத்தனை பேருக்குத் தோப்பு இருக்கு? நம்மள்ல பாதிப் பேரு அடுத்தவங்க தோப்புல கீத்து முடைஞ்சவங்க, குச்சி சீவி வெளக்குமாறு கட்டினவங்க, தேங்கா உரிச்சவங்க, மாங்கா பொறுக்கினவங்க, உப்பளத்துல கூலிக்குப் போனவங்க. மரம் விழுந்தப்ப மரத்துக்காரருக்கு மரம் போச்சு, நமக்கு வேலை போச்சு. மரத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தாங்க. கீத்து முடையிற கைக்கு எந்த நோட்டுல கணக்கு எழுதுவாங்க?

இன்னொரு விஷயம். அரிசி ஒரு மாசத்துக்கு வந்துச்சு, ரெண்டு மாசத்துக்கு வந்துச்சு. தென்னை அப்படி இல்லை. நாட்டு ரகத் தென்னம்பிள்ளை வச்சா காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். குட்டை ரகம்னாலும் மூணு நாலு வருஷம் வேணும். கஜா அடிச்ச வருஷம் ஆறாவது படிச்ச பிள்ளை, ப்ளஸ் டூ பரீட்சை எழுதினது 2025 மார்ச்சுல. அதாவது, நட்ட தென்னம்பிள்ளை பாளை விடுற காலமும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிற காலமும் ஒண்ணு. மரம் திரும்பக் காய்க்கிற வரைக்கும் வீட்டுல வருமானம் தட்டுப்பாடுதான். அந்த ஏழு வருஷத்துல எந்த வருஷத்துல வேணும்னாலும் பிள்ளையோட படிப்பு நின்னு போகலாம். இதைத்தான் அன்னிக்கு மூத்த உறுப்பினர் ஒருத்தர் கூட்டத்துல சொன்னாங்க: "வர்றவங்க எல்லாம் ஒரு மாசத்துக்குக் கொடுக்குறாங்க. நாம ஏழு வருஷத்துக்கு என்ன பண்ணலாம்னு பாருங்கடி."

பத்து ரூபாயில ஆரம்பிச்சது

தீர்மானப் பதிவேட்டுல இன்னும் அந்தப் பக்கம் இருக்கு. உறுப்பினருக்கு மாசம் 10 ரூபாய். சேமிப்பு வேற, இது வேற. 12 பேர் இருக்கிற குழுவுல மாசம் 120, வருஷத்துக்கு 1,440 ரூபாய். இதை வச்சு என்ன கிழிக்கப் போறோம்னு அன்னிக்கே கேட்டாங்க. ஆனா ஒரு குழு இல்லையே, கூட்டமைப்புல இருக்கிற எல்லாக் குழுவும் சேர்ந்து போட்டப்ப அது ஒரு தொகையா நின்னுச்சு. வெளியூர்ல வேலை பாக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க சிலர் அப்பப்ப அனுப்பிச்சதும் சேந்துச்சு.

விதிமுறைன்னு அஞ்சு வச்சோம். புது உறுப்பினர்களுக்காக ஒரு தடவை சொல்லிடுறேன்.

ஒண்ணு, இது கடன் இல்லை. திருப்பித் தர வேண்டாம், வட்டி கிடையாது. இதுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு. வேற எந்தக் கணக்குக்கும் இதுலேருந்து கைமாத்து வாங்கக் கூடாது.

ரெண்டு, மார்க்கு பாத்துக் கொடுக்கிறது இல்லை. நல்லா படிக்கிற பிள்ளைக்குக் கேடயம் கொடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க. நம்ம முதல்ல கேக்குற கேள்வி, "போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளை யாரு?"ன்னு. வகுப்பாசிரியர்கிட்ட கேப்போம், அப்புறம் வீட்டுக்குப் போவோம்.

மூணு, முடிஞ்ச வரைக்கும் பணமாக் கொடுக்காம செலவாச் செய்யறது. பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், மூக்குக் கண்ணாடி, செருப்பு, விடுதிக்கு முன்பணம், கல்லூரியில சேர்ற அன்னிக்குக் கட்ட வேண்டிய தொகை. இதெல்லாம் பெரிய தொகையே இல்லை. ஆனா கடைசித் தேதி அன்னிக்குக் கையில இருக்கணும். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250 ரூபாய். அந்தக் கடைசித் தேதியும் வாரத் தவணைக்காரர் வீட்டு வாசல்ல வந்து நிக்கிற நாளும் ஒண்ணா வந்துச்சுன்னா அம்மா எதைக் கட்டுவா? வாசல்ல நிக்கிறவருக்குத்தான் கட்டுவா. விண்ணப்பம் வாசல்ல வந்து சத்தம் போடாதே!

நாலு, பிள்ளை பேரை மைக்குல சொல்றது இல்லை, போட்டோ எடுக்கிறது இல்லை. நிவாரணம் வாங்கும்போது நம்மள வரிசையில நிக்க வச்சு, ஒரு பாக்கெட்டை நாலு பேர் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெரியவங்க நாம தாங்கிக்கிட்டோம். பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு மறுநாள் வகுப்புல போயி உக்காரணும்ல? இந்த மலர்லயும் எந்தப் பிள்ளை பேரும் இல்லாததுக்குக் காரணம் அதுதான்.

அஞ்சாவதுதான் பெரிய சண்டையில முடிவானது. அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும்.

கடன் யாருடையது, படிப்பு யாருடையது

கஜாவுக்குப் பிறகு ஒரு குழுவுல ஒரு அக்காவால வங்கி இணைப்புக் கடனைக் கட்ட முடியலை. குழுவே அவங்களுக்காகச் சேத்துக் கட்ட வேண்டியதாச்சு. அவங்க மேல எல்லாருக்கும் கோவம். கூட்டத்துக்கும் வர்றது இல்லை, வந்தா முகம் பாத்துப் பேசறது இல்லை. அந்த அக்கா மகன் ஒன்பதாவது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவன் வரலை. அப்போ விழுந்த மரத்தை அறுக்குற வேலை ஊர் பூரா நடந்துச்சு. பெரியவங்களோட சேந்து இந்தப் பையன்களும் போனாங்க. அன்னன்னிக்குக் கையில காசு. வீட்டுல அரிசி இல்லாத நேரத்துல பையன் கொண்டு வந்து கொடுக்கிற காசை எந்தத் தாய் வேண்டாம்னு சொல்லுவா? மரம் அறுக்குற வேலை நாலஞ்சு மாசத்துல முடிஞ்சு போச்சு. வேலை முடிஞ்சதும் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பலை. திருப்பூருக்குப் பஸ் ஏறினாங்க, பனியன் கம்பெனிக்கு.

இவனும் போறதா இருந்துச்சு. அவனுக்கு நிதியிலேருந்து செய்யலாமான்னு கேட்டப்ப கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. "கடன் கட்டாதவ வீட்டுக்கு நம்ம காசா?"ன்னு ஒரு பக்கம். "அவ கட்டாததுக்கு நாம கட்டினோம், இப்ப அவ பிள்ளைக்கும் நாமளா?"ன்னு கேட்டவங்க பொய்யாக் கேக்கலை. அவங்களும் பூ எடுத்த காசைத்தான் போட்டிருந்தாங்க. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பேசினோம். கடைசியில அந்தக் கடனைச் சேத்துக் கட்டின குழுவோட பிரதிநிதியே எழுந்து சொன்னாங்க. "கடன் அவளோடது. அதை நான் அவகிட்ட கேப்பேன், விட மாட்டேன். படிப்பு அவ பிள்ளையோடது. ரெண்டையும் ஒரே பேரேட்டுல எழுதாதீங்க."

அன்னிக்கு எழுதின அஞ்சாவது விதி இதுதான்: தாய் குழுவுல இருந்தாலும் இல்லாட்டியும், கடன் பாக்கி இருந்தாலும் இல்லாட்டியும், நம்ம ஊராட்சியில இருக்கிற பிள்ளைன்னா போதும்.

அந்தப் பையன் உடனே வந்துடலை. நம்ம பெரியம்மா ஒருத்தர் மாத்தி மாத்தி அவன் வீட்டுக்கு நடந்தாங்க. "படிச்சு என்ன ஆவப்போவுது ஆயா"ன்னு அவன் கேப்பான். "ஒண்ணும் ஆவாட்டி அப்புறம் திருப்பூருக்குப் போ. திருப்பூர் எங்கயும் ஓடிப் போயிடாது"ன்னு சொல்லிட்டு வருவாங்க. திரும்ப அவனைச் சேத்தாச்சு, பத்தாவது முடிச்சான், ஐ.டி.ஐ. படிச்சான். இப்ப வேலையில இருக்கான். அந்த அக்காவும் பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டி முடிச்சாங்க. கட்டச் சொல்லி நிதியிலேருந்து ஒரு நிபந்தனையும் போடலை. அவங்களா கட்டினாங்க.

எல்லாப் பிள்ளையையும் நிறுத்தி வச்சோம்னு பெருமை பேச நான் வரலை. 2020 மார்ச்சுல கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினாங்க. ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க திரும்ப வகுப்புக்குப் போனது 2021 நவம்பர்லதான். கஜாவுல தப்பிச்ச சில பிள்ளைங்களை அந்த இடைவெளியில விட்டுட்டோம். செல்போன்ல பாடம்னாங்க. ஒரு வீட்டுல ஒரு போன், அதுவும் அப்பா கையில. ஒரு பொண்ணுக்கு வீட்டுல அவசர அவசரமாக் கல்யாணம் பேசினாங்க. நமக்குத் தெரிஞ்சப்ப அவ வெளியூர்ல வாக்கப்பட்டுப் போயிருந்தா. அவ நல்லா இருக்கணும். ஆனா அவ படிச்ச பத்தாவது புத்தகம் இன்னும் அவ அம்மா வீட்டுப் பரண்ல இருக்கு. 18 வயசு ஆகாத பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு காதுல விழுந்தா, 1098-க்குப் போன் போடுங்க. யார் சொன்னாங்கன்னு வெளியில சொல்ல மாட்டாங்க.

இருக்கிறதை வாங்கித் தர்றதும் உதவிதான்

ஏழு வருஷத்துல நாங்க கத்துக்கிட்டது ஒண்ணு உண்டு. நம்ம நிதியால செஞ்சதைவிட, அரசாங்கத்துல இருக்கிறதை நேரத்துக்கு வாங்கிக் கொடுத்ததுதான் அதிகம். அதுக்குக் காசு வேண்டாம், அலையறதுக்கு ஆள் வேணும்.

எட்டாவது படிக்கும்போது எழுதுற தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. அதுல தேர்வான பிள்ளைக்கு ஒன்பதாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய் வருது. நம்ம பிள்ளைங்களை அதுக்கு எழுத வைங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து ப்ளஸ் டூ வரை படிச்சுட்டுக் கல்லூரிக்குப் போற பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். 2024-லேருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்திருக்கு. பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. அதுல சேர்ற பிள்ளைக்குக் கட்டணத்தை அரசே ஏத்துக்குது. ஆனா இந்த மாதாந்திரப் பணம் கல்லூரியில சேந்த பிறகுதான் கணக்குல ஏறும். சேர்றதுக்கு முன்னாடி விண்ணப்பம், ஜெராக்ஸ், பஸ், துணிமணின்னு ஒரு செலவு இருக்கே, அந்த இடத்துலதான் நிறைய பிள்ளைங்க நின்னு போறாங்க. நம்ம நிதி நிக்க வேண்டிய இடமும் அதுதான்.

இன்னொண்ணு, காகிதம். கஜா அன்னிக்குக் கூரை போன வீட்டுல எல்லாம் முதல்ல நனைஞ்சது ரேஷன் கார்டு, சாதிச் சான்று, மார்க் ஷீட்டு. நகல் வாங்க எத்தனை நாள் கூலியை விட்டுட்டு அலைஞ்சோம்! எட்டாவது வரைக்கும் மாற்றுச் சான்றிதழ் இல்லைன்னு சொல்லி எந்தப் பள்ளிக்கூடமும் பிள்ளையைச் சேக்க மறுக்க முடியாது, சட்டம் இருக்கு. ஆனா மேல படிக்க எல்லாம் கேப்பாங்க. அதனால எல்லாச் சான்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு வைங்க. ஒரு ஜெராக்ஸ் அம்மா வீட்டுலயோ நாத்தனார் வீட்டுலயோ இருக்கட்டும். போன்ல படம் எடுத்து வைங்க. டிஜிலாக்கர்ல ஏத்தத் தெரியாட்டி நம்ம அலுவலகத்துக்கு வாங்க, கணக்கெழுதுற தங்கச்சி செஞ்சு கொடுக்கும். பிள்ளை பேர்ல வங்கிக் கணக்கும் ஆதார் இணைப்பும் இப்பவே முடிச்சு வைங்க. உதவித்தொகை வர்ற நேரத்துல ஓட வேண்டாம்.

இனிமே வேணுமா?

இப்ப அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு வர்றேன். கஜாவுக்குன்னு ஆரம்பிச்ச நிதி, அன்னிக்கு வச்ச தென்னை காய்க்க ஆரம்பிச்சாச்சு, முடிச்சுடலாமா?

என் கருத்தைச் சொல்றேன், முடிவு உங்களோடது.

நம்ம கரையில புயல் ஒரு தடவை வந்துட்டுப் போற விருந்தாளி இல்லை. வயசானவங்ககிட்ட கேளுங்க, அம்பத்திரண்டு புயல், எழுபத்தேழு புயல்னு வருஷத்தை வச்சே சொல்லுவாங்க. 2004 டிசம்பர் 26-ல சுனாமி நம்ம மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல கொண்டு போச்சு. 14 வருஷத்துல கஜா. 2024-ல ஃபெஞ்சல் புயல் வடக்கே புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து விழுப்புரத்தை வெள்ளக்காடாக்குச்சு. அது நம்ம பக்கம் திரும்பியிருந்தா? அன்னிக்குப் போயி பத்து ரூபாய் பத்து ரூபாயா வசூல் பண்ண முடியாது. புயல் அடிச்ச மாசத்துல யாருகிட்டயும் பத்து ரூபாய் இருக்காது.

உள்கடன்ல சேக்குறதைப் பத்தி. உள்கடன் ரொம்ப நல்லது, நானே வாங்கியிருக்கேன். ஆனா கடன் யாருக்குக் கிடைக்கும்? திருப்பிக் கட்டுவாங்கன்னு நம்பிக்கை இருக்கிறவங்களுக்குக் கிடைக்கும். அது தப்பில்லை, கடனோட தர்மம் அது. ஆனா அந்த ஒன்பதாவது படிச்ச பையனோட அம்மாவுக்கு அன்னிக்கு எந்தக் குழுவும் கடன் கொடுத்திருக்காது. கடன் போய்ச் சேராத வீட்டுக்குப் போறதுக்காகத்தான் இதைத் தனியா வச்சோம். வட்டி வரலைன்னு சொல்றோம். அந்தப் பையன் அவன் சம்பளத்துலேருந்து, யாரும் கேக்காமலே, இப்ப இந்த நிதிக்கு மாசாமாசம் அனுப்புறான். எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், அது அவன் விருப்பம். பொருளாளர் வாசிச்ச கணக்குல "நன்கொடை"ன்னு வந்ததுல அதுவும் இருக்கு.

அதனால கல்விக் குழு சார்பா மூணு யோசனை வைக்கிறோம்.

முதலாவது, நிதி தனியாவே தொடரட்டும். "கஜா கல்வி உதவி"ங்கிற பேர்ல இருக்கிற கஜாவை எடுத்துட்டு, "கல்வி உதவி நிதி"ன்னு மட்டும் வச்சுக்குவோம். புருஷனைப் பறிகொடுத்த வீடு, குடி கெடுத்த வீடு, ஆஸ்பத்திரிச் செலவுல விழுந்த வீடு, இங்கெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு புயல் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கும் இது சேரணும்.

ரெண்டாவது, வர்ற தொகையில ஒரு பங்கைத் தொடாம வைப்புல போடுவோம். அடுத்து ஒரு புயல் வந்தா முதல் முப்பது நாளுக்கு அது. நோட்டு, பை, சீருடை, பஸ் காசு. முகாம்ல இருக்கும்போதே பிள்ளைங்களை உக்கார வச்சுப் படிக்க வைக்க நம்ம ஊர்ல படிச்ச பொண்ணுங்க இருக்காங்க, அவங்களுக்கு ஒரு சின்ன ஊக்கத்தொகை. முதல் மாசம் பள்ளிக்கூடம் மறந்து போற பிள்ளையை மூணாவது மாசம் திருப்பிக் கூட்டி வர்றது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியும்.

மூணாவது, ஒவ்வொரு குழுவுலயும் ஒருத்தர், மாசத்துக்கு ஒரு தடவை, தன் தெருவுல பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருக்கான்னு பாத்துக் கூட்டத்துல சொல்லணும். இதுக்கு ஒரு பைசாவும் வேண்டாம். சேமிப்பு எழுதுற மாதிரி இதையும் தீர்மானப் பதிவேட்டுல ஒரு வரி எழுதினாப் போதும்: "பள்ளி செல்லாப் பிள்ளை: இல்லை." அந்த "இல்லை"ங்கிற வார்த்தையைப் பொய்யில்லாம எழுத முடிஞ்சா, அதுதான் நம்ம கூட்டமைப்புக்குக் கிடைக்கிற பெரிய விருது.

வேண்டாம்னு நினைக்கிறவங்களும் பொதுக்குழுவுக்குக் கண்டிப்பா வரணும், எழுந்து பேசணும். சண்டை போட்டு எடுத்த முடிவுதான் இத்தனை வருஷம் நின்னுருக்கு. ஒரே ஒரு வேண்டுகோள். வர்றதுக்கு முன்னாடி உங்க தெருவுல ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. உங்க கணக்குப்படி அந்த வீட்டுக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டாங்க, அப்படி ஒரு வீடு. அந்த வீட்டுல பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் கை தூக்குங்க.

மாசாமாசம் பத்து ரூபாய் கொடுத்த அத்தனை கைக்கும், ராத்திரி வீடு வீடா நடந்த பெரியம்மாக்களுக்கும், நாம போயி கேக்கும்போதெல்லாம் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டின ஆசிரியர்களுக்கும் நன்றி.